திருத்தம்

காலை ஆறு பத்துக்கு நான் சொன்னது தவறு.
தண்ணீர் லாரி ரிவியேர் து மா
கீழூருக்கு அல்ல, மேலூருக்கு.
இரண்டுக்கும் ஒரே பேர், நடுவில் ஆறு.
துண்டுச் சீட்டில் மழை விழுந்து
கடைசிச் சொல் ஊறிப்போயிருந்தது.
நானாக ஒன்றைப் படித்துவிட்டேன்.

புயல் கடந்து இரண்டாம் நாள்.
ஜெனரேட்டர் இருமுகிறது, டீசல் மாலை வரைதான்.
சேன்தாந்த்ரே முழுக்கச் செல்போன்கள் செத்துக் கிடக்க,
காரின் நாலு கதவையும் திறந்துவைத்து
தெருத்தெருவாக என்னைக் கேட்கிறார்கள்.
அதை நினைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஏழேகாலுக்கு, மேட்டில் ஏறிச் சிக்னல் பிடித்து
ரேமோன் முருகயான் அழைத்தார், கீழூரிலிருந்து.
"நாற்பது பேர் கேனோடு நிற்கிறோம் மதாம்,
லாரி எங்கே?"
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

கால் மணிக்கொரு முறை திருத்தம் படித்தேன்.
இடையிடையே:
கம்பூஸ்தோன் மருந்துக்கடையில் இன்சுலின் உண்டு,
ஐஸ் நீங்கள் கொண்டுவர வேண்டும்.
சலாசி சாலையில் இரண்டு இடத்தில் மண் சரிந்திருக்கிறது,
போகாதீர்கள்.
மரியான், உன் தம்பி பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறான்,
செருப்பைத்தான் தொலைத்திருக்கிறான்.

மத்தியானம் மறுபடி ரேமோன்.
பாலத்தில் வெள்ளம் முழங்காலுக்கு இறங்கியதாம்.
மேலூர்க்காரர்கள் தலையில் சுமந்து வந்து
பதினொரு கேன் தந்தார்களாம்.
நன்றி சொல்லிவிடுகிறேன் என்றேன்.
"நன்றி அப்புறம். பதினொன்று என்று சொல்லுங்கள்.
நாற்பது வீட்டுக்குப் பதினொன்று.
அதைத் தப்பாமல் சொல்லுங்கள்."

எண்ணை எழுதி
அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டினேன்.
பிறகுதான் மைக்கைத் திறந்தேன்.