நாற்பத்திரண்டு எழுத்து

"உங்கள் முகவரியை அனுப்புங்கள்" என்று கேட்டான்
அறுநூறு வாக்கியம் என் குரலில் வாங்கியவன்.
அனுப்பினேன்:
சி. அமிர்தகௌரி, இரண்டாம் வாய்க்கால்,
வலதுகரை, முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான்.
பகலில் தபால்காரி அல்லவா,
மாரிக்கு எந்தப் பக்கத்தால் வரவேண்டும் என்பதையும்
சேர்த்தே எழுதினேன்.

மஞ்சள் முகமொன்று சிரித்தது.
காசு வருகிற விலாசம் வேறாம்.

போனில் ஒரு பணப்பை இறக்கினேன்.
பெயர் கேட்கவில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை.
கிராம அலுவலரின் கடிதம் கேட்கவில்லை.
ஒன்றும் கேளாமல் எனக்கு எவரும்
எதையும் தந்ததில்லை; அதிலேயே பாதிப் பயம்.
பிறகு தந்தது,
பி சி வண் கியூ என்று தொடங்கி
மூச்சு விடாமல் ஓடி
எயிற் எக்ஸ் செவின் எம் என்று முடிகிற
நாற்பத்திரண்டு எழுத்து.

எட்டு வருசமாக விலாசம் வாசிக்கிறேன்.
கையெழுத்தைக் கொண்டே ஊரைச் சொல்வேன்,
எழுதினவர் கோபத்தில் இருந்தாரா என்றும் சொல்வேன்.
இதில் எங்கே ஒழுங்கை? எங்கே துருசு?
நாய் நிற்கிற வீடா, இல்லையா?

பதிவுத்தபால் கொப்பியின் கடைசித் தாளில்
எழுதிப் பார்த்தேன்.
அதைப் பார்த்துத் திரும்ப அடிக்கையில்
ஒன்பதை ஜி என்று அடித்துவிட்டேன்.
இப்படி ஒரு முகவரி இல்லை என்றது, உடனே.
அட!
கடைசி ஆறு எழுத்தும்
மற்றதுகளுக்குக் காவல் நிற்கிறதாம்.
பூச்சியத்தோடு மயங்கும் என்று ஓ இல்லை.
ஒன்றோடு மயங்கும் என்று ஐ இல்லை.
பிறத்தியாரின் கையெழுத்தால் நொந்துபோன யாரோதான்
இதைச் செய்திருக்க வேணும்.
அந்த ஆளை எனக்குப் பிடித்தது.

ஆனால் எழுத்துப்பிழை இல்லாமலே
பிழையான முகவரியும் உண்டு.
மிதுசிகா மூன்று மாத உழைப்பை
அப்படித்தான் விட்டாள்.
முன்னால் நாலும் பின்னால் நாலும்
தன்னுடையதுபோலவே இருந்த ஒன்றை
பழைய கணக்கிலிருந்து தொட்டெடுத்தாள்.
நடுவைப் பார்க்கவில்லை.
கடிதமென்றால் என் மேசைக்குத் திரும்பி வரும்,
சிவப்பு மையால் 'பெறுநர் இல்லை' என்றெழுதி
வந்த வழியே விடுவேன்.
அங்கே சிவப்பு மை இல்லை.
வந்த வழியும் இல்லை.

அதனால் நாற்பத்திரண்டையும் சத்தமாக வாசித்தேன்,
அறுநூற்றியோராவது வாக்கியம்போல.
அவன் அனுப்பிக் காட்டியதையும் வாசித்தேன்.
முதலில் ஒரு டொலர் மட்டும் விடுங்கோ என்றேன்.
வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட இரவு.
அவர் வயலுக்குப் போயிருந்தார்.
இருபது நிமிசம்.
சைக்கிள் மணி இல்லாமல் வந்து நின்றது டொலர்.

முகவரி தெரிந்த எவரும்
அதில் எவ்வளவு கிடக்கிறதென்று பார்க்கலாமாம்.
தபாலட்டைதான், வேறென்ன.
தபாலட்டையை வாசிக்காத தபால்காரி
இருக்கிறாள் என்றால் நான் நம்பமாட்டேன்.

அடுத்த நாள் திறந்தால் வேறு முகவரி.
பழையதும் செல்லும், ஆனால்
ஒவ்வொரு தரமும் புதிது கொடுப்பது நல்லதாம்.
ஒருத்திக்கு எத்தனையும் இருக்கலாமாம்.
அது எனக்குப் பழக்கம்.
இரண்டு வருசத்துக்குள் பதினொரு விலாசம் எனக்கு:
ஆறாம் வகுப்பறை, இரண்டு வாங்குக்கு நடுவே;
மாதா கோயிலின் பின்பக்கம்;
பிறகு வலயம், பிறகு தொகுதி, பிறகு தறப்பாள் இலக்கம்.
ஒன்றுக்கும் பூட்டு இருந்ததில்லை.
இதுகள் எல்லாவற்றையும்
பன்னிரண்டு சொல் திறக்குமாம்.
முகவரியை ஊருக்கே கொடு,
சொல்லை ஒருத்தருக்கும் கொடாதே.
போனில் படம் பிடிக்காதே. காகிதத்தில் எழுது.

எழுதினேன்.
பிறப்புச் சான்றிதழும் காணி உத்தரவும் இருக்கிற,
கதவடி ஆணியில் எப்போதும் தொங்குகிற
பொலித்தீன் பைக்குள் வைத்தேன்.
காலில் சேறோடு வந்தவர்
என்னப்பா அது என்றார்.
திறப்பு என்றேன்.
எந்த வீட்டுக்கு என்றார்.
காலைக் கழுவிக்கொண்டு வாங்கோ, சோறு ஆறுது என்றேன்.