அருகில் உள்ள மையம்

வாரம் மூன்று தரம் கூட்டி வரணுமாம்,
பேச்சுப் பயிற்சி மேடம் சொல்கிறார்.
போக வர ஏழு மணி நேரம்,
உள்ளே அரை மணி.
தலையை மட்டும் ஆட்டினேன்.

பீஞ்சமந்தை முதல் ஒடுகத்தூர் வரை
வெள்ளையன் ஜீப்.
கொண்டை ஊசி வளைவில்கூட
ஆரன் அடிக்கமாட்டான்,
தலையை வெளியே நீட்டிக் கூவுவான்,
சசிதரனுக்காக.
அப்புறம் வருகிற பஸ்ஸில்
அதை யாரிடம் கேட்பது?
இரண்டு காதையும் பொத்தி
வேலூர் மட்டும் முனகிக்கொண்டே வருவான்.

பக்கத்து நாற்காலிக்காரி மால்டாவாம்.
இரண்டு ராத்திரி ரயில்,
காட்பாடியில் இறங்கி
சாயிநாதபுரத்தில் மாத வாடகைக்கு அறை.
உங்க ஊரில் இது இல்லையா?
கையாலே கேட்டேன்.
அவளும் கையாலே,
உனக்கென்ன, பக்கம்தானே.

அவள் மகன் அர்கோ
டிபன் மூடியைத் தரையில் சுழற்றினான்.
முனகல் நின்றது.
மூடி விழும் வரை
இவன் கண் இமைக்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
வீட்டுக்கு அருகில் உள்ள உதவி மையம்.
காலியாய் விட்டால்
திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.
எழுதினேன்:
வெள்ளையன், ஜீப் டிரைவர்.
கீழே
அவன் போன் நம்பர்.