குலுங்கும் சத்தம்

இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து
மூச்சை இழுக்கச் சொல்கிறேன்.
இழுக்கிறான் யெஷாம்பல்.
மண்ணீரல் இறங்கி வந்து விரலை முட்டுகிறது
கன்றுக்குட்டி போல.
தொப்புளைத் தாண்டிவிட்டது.
நீலப் பேனாவால் அதன் கரையை வரைகிறேன்.
போன வருஷம் வரைந்ததும் இதே வயிற்றில்தான்.
அதற்கு முந்தைய வருஷமும்.

"மலேரியா என்று எழுதுங்கள், சிஸ்டர்."
"மேஸ்திரியிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.
சீட்டில் எழுத மாட்டேன்."

அப்துராஃபியில் எள் அறுவடை.
மலையிலிருந்து லாரி லாரியாக இறங்குகிறார்கள்,
ஆளுக்கொரு போர்வை, ஓர் அரிவாள்.
அறுத்த எள்ளைக் கட்டுக்கட்டாக நிமிர்த்தி வைத்து
அதன் பக்கத்திலேயே படுக்கிறார்கள்,
வேலமரத்தடியில் வரிசையாக முப்பது பேர்.
எள் காய்கிறது, எண்ணெய்க்கு.
இவன் உடம்பு காய்ந்தது
எதற்கென்று இவனுக்கே தெரியாது.

மாத்திரைப் புட்டி குலுங்கினால்
முப்பது பேருக்கும் கேட்கும்.
முதல் இரவு பஞ்சு அடைத்தான்.
மறுநாள் துணியில் சுற்றினான்.
பிறகு கரிசல் வெடிப்பில் முழங்கை வரை விட்டுப் புதைத்தான்,
விடியுமுன் எடுத்துக்கொள்ளலாம் என்று.
வெடிப்பு புட்டியை உள்ளே வாங்கிக்கொண்டது.
பதிலுக்கு ஓர் ஈயை அனுப்பியது.
எள்ளளவுதான்.
புட்டிக்கு இருந்த சத்தம்கூட அதற்கு இல்லை.

எச்.ஐ.வி. கதவைக் கழற்றிப்போன வீட்டில்
காலா அசார் வந்து பாய் விரித்தது.
அடுத்த இரண்டு முறையும் ஈயே வேண்டியிருக்கவில்லை,
உள்ளே படுத்திருந்ததே எழுந்துகொண்டது.
இதை அவனுக்கு மூன்று விதமாகச் சொல்லிவிட்டேன்.
மூன்று முறையும் தலையாட்டிவிட்டுக் கேட்டான்:
"அறுவடை முடிவதற்குள் விட்டுவிடுவீர்களா?"

மஞ்சள் மருந்துக்கு வெளிச்சம் ஆகாது.
கறுப்புத் துணி போர்த்திய புட்டி
சொட்டுச் சொட்டாக இறங்கும் மூன்றாம் நாள்
டெப்ரிட்டு வந்தாள்,
தபாத்திலிருந்து இரண்டு பஸ் மாறி,
மடியில் வறுத்த வாற்கோதுமையோடு.
புருஷனுக்கு மலேரியா என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
வயிற்றில் இருந்த நீலக்கோட்டைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

இரவு எட்டு மணி.
கட்டிலடியில் அவள் பை திறக்கும் அரவம்.
மிளகாய்ப்பொடி டப்பா ஒன்று
குலுங்கியது.

யெஷாம்பல் கண்ணைத் திறந்தான்.
மிளகாய்ப்பொடி குலுங்காது.
அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்,
அதற்குப் பஞ்சு அடைத்திருக்கிறான்,
அதை மண்ணில் புதைத்திருக்கிறான்.

"எத்தனை வருஷமா?"
"நாலு."
"யாருக்கும் தெரியாதா?"
"டப்பாவுக்குத் தெரியும்."

பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருமி முடிக்கும்வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு அவள் இரண்டாவது டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.
நான் கையில் இருந்த ரிஜிஸ்டரைப் பார்ப்பதுபோல் நின்றேன்,
தலைகீழாகப் பிடித்திருந்ததை
வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

திங்கட்கிழமை.
மூச்சை இழு, யெஷாம்பல்.
இழுக்கிறான்.
ஒன்றரை விரல் மேலே ஏறியிருக்கிறது.
புதுக்கோடு போடுகிறேன்.
பழையதை அழிக்க ஸ்பிரிட் பஞ்சை எடுத்தபோது
டெப்ரிட்டு என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்:
"இருக்கட்டும் சிஸ்டர்.
எவ்வளவு தூரம் வந்தது என்று
அவர் பார்க்கட்டும்."