விடுபட்ட சரக்கு

மியர்பேங்க்கில், எண்ணெய் ஆலைக்குப் பின்புறம்,
கால்வாய் வளைகிற இடத்தில்
பாப்பிரஸ் நிற்கிறது
தலைவிரி கோலமாய், ஆளைவிட உயரமாய்.
யாரும் நட்டதில்லை.
மாநகராட்சி வருடத்துக்கு ஒருமுறை வெட்டும்.
அது வருடம் முழுக்க முளைக்கும்.

பம்ப் பழுதுபார்க்கப் போன நான்
பெக்கானியிடம் கத்தி வாங்கி
ஆறு தண்டு அறுத்தேன்.
"பாய் முடையவா?"
"மகளுக்குப் பள்ளிக்கூட வேலை."
"அப்புறம் நீ ஏன் சேற்றில் நிற்கிறாய்?"

அறுத்த முகம் முக்கோணம்.
பூசைப் பாயின் கோரைக்குத் தாயாதி என்று
விரலே சொல்லிற்று.
பச்சைத் தோலுக்குள் வெண்மை,
காகிதம் என்று சொல்லிவிட முடியாத ஈரம்.

பிரியாஷ்ணி நாடா நாடாவாகச் சீவினாள்.
நெடுக்கே ஒரு வரிசை, குறுக்கே ஒரு வரிசை.
அதன் சாறே ஒட்டும் என்றாள்.
நம்பாமல் நான் வாங்கிய பசை டப்பா
இன்னும் திறக்கப்படவில்லை.
மேலே பலகை, பலகைமேல்
என் பக்கி வண்டியின் ஸ்பேர் டயர்.
மூன்றாம் நாள் இசிப்பிங்கோ சாலையில்
முன்சக்கரம் வெடித்தது.
ஓரமாய் நின்று காத்துக்கிடந்தேன்.
மாற்று டயர் வீட்டில்
தாள் செய்துகொண்டிருந்தது.

மின்வெட்டு இரவில், கைபேசி வெளிச்சத்தில்
படித்துச் சொன்னாள்:
முசிறியில் ஏற்றிய சரக்குக்கு
இதே தாளில் எழுதிய கணக்கு
வியன்னாவில் இருக்கிறதாம்.
கப்பலின் பெயர் இருக்கிறது.
தந்தம் இருக்கிறது, வாசனை வேர் இருக்கிறது.
மிளகு இருந்திருக்க வேண்டிய இடத்தில்
தாள் கிழிந்திருக்கிறது.
அறிஞர்கள் ஊகிக்கிறார்கள்.

எங்கள் கப்பலுக்கும் ஒரு கணக்கு உண்டு.
அதில் எதுவும் கிழியவில்லை.
எண், வயது, உயரம்,
இடது முழங்காலில் தழும்பு.
பெயரை மட்டும் குமாஸ்தா
தன் காதுக்குக் கேட்டபடி எழுதினான்.
அந்தப் பெயருக்குத்தான்
எனக்குச் சம்பளம் வருகிறது.

சனிக்கிழமை காலை
தாள் காய்ந்து குளிர்பெட்டிமேல் கிடந்தது.
மகள் தலைகுளிக்கப் போயிருந்தாள்.
கடைக்குக் கிளம்பிய தேவயானி
கைக்கு அகப்பட்டதை எடுத்து எழுதினாள்.
மை கொஞ்சமும் பரவவில்லை.

ரொட்டி. பால். மின்சார டோக்கன்.
எல்லாம் ஆங்கிலம்.
கடைசி வரியும் ஆங்கில எழுத்துத்தான்,
சொல் மட்டும் இல்லை:
மொளவு, நூறு கிராம்.

பிரியாஷ்ணி அழுதாள்.
திங்களன்று மறுபடி கால்வாய்க்குப் போகிறேன்.
டயரை வண்டியில் மாட்டவில்லை.