செவ்வாய்க்கிழமை ஒரு மணிநேரம்

படிவம் மூன்று பக்கம்.
ஒன்று சிங்களத்தில், ஒன்று ஆங்கிலத்தில்,
மூன்றாவதில் வெறும் கோடுகள்.
அதைத் தமிழ் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டு வயது கடந்திருக்க வேண்டுமாம்.
கடந்து பத்தொன்பது வருஷம்.
கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை,
இதயமும் காதும் சரியென்று டொக்டரின் ஒப்பம்.
தெஹிவளை டிஸ்பென்சரியில் அவர்
அபாயாவுக்கு மேலால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி
"நீங்க யாரைக் காப்பாத்தப் போறீங்க?" என்றார்.
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.
பதில் கொடுக்கவில்லை.

கிளப் மனேஜர் ஏற்கனவே சொல்லிவிட்டார்:
பெண்களுக்கென்று செவ்வாய் காலை ஒரு மணிநேரம் தரலாம்,
ஆண் எவரும் உள்ளே வரமாட்டார், அதுவும் சரி,
ஆனால் கரையில் சான்றிதழோடு ஒரு பெண் நிற்க வேண்டும்.
இல்லாவிட்டால் குளம் பூட்டு.
பதினொரு பேர் காசு கட்டியாயிற்று.
ரொக்ஸானா டீச்சர் தொப்பியும் வாங்கிவிட்டா, ஊதா நிறம்.
மழைக்கு வெள்ளவத்தைக் கால்வாய் ஏறினாலே
பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்கிற மர்ழியா
"நீந்த ஏலாது, சும்மா நிக்கிறன்" என்று பெயர் கொடுத்தா.

'முன் அனுபவம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

தோஹாவில் நாலு வருஷம், பிள்ளை பார்க்கிற வேலை.
வீடு உறங்கிய பிறகு
குளத்து விளக்கை அணைத்துவிட்டு
நானாகப் பழகினேன், சுவரிலிருந்து சுவருக்கு.
ஒரு வெள்ளிக்கிழமை பகல் சின்னவன் விழுந்தான்.
கத்தவில்லை, கையசைக்கவில்லை,
சர்பத்துக்குள் கரண்டி இறங்குவதுபோல் போனான்.
உடுப்போடு பாய்ந்து எடுத்தேன்.
மடம் வந்து அவனைப் பறித்தா,
என்னை மேலும் கீழும் பார்த்தா,
கம்பளம் நனைந்துவிட்டது என்றா.

கட்டத்தில் எழுதினேன்: இல்லை.

நானூறு மீற்றர், ஒன்பது நிமிஷத்துக்குள்.
எட்டு ஐம்பத்தாறு.
ஆழப் பக்கத்து அடியில் கறுப்பு ரப்பர்க் கல்;
முதல் தடவை காது வலித்து வெறுங்கையோடு வந்தேன்,
இரண்டாம் தடவை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு,
பிறந்த பிள்ளையைக் காட்டுகிற மாதிரித் தூக்கிக் காட்டினேன்.

பிறகு ஆள்.
படகோட்டும் பெண் ஹிருணி,
என்னைப் போல் ஒன்றரை மடங்கு தோள்.
மூழ்குகிறவளாக நடிக்க அவளுக்குக் கூலி உண்டு.
விதி என்னவென்றால் முதலில் பாயாதே:
கம்பை நீட்டு, கயிற்றை எறி, கதை கொடு.
கம்பு எட்டவில்லை, கயிற்றை அவள் வேண்டுமென்றே விட்டாள்.
பாய்ந்தேன்.
பின்னால் போவதற்குள் திரும்பிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.
நடிப்புதான். நகம் நிஜம்.
எல்லா உடம்பும் அப்போது மேலே போகத்தான் பார்க்கும்.
கீழே போ என்கிறது புத்தகத்தின் ஐந்தாம் பக்கம்,
மூழ்குகிறவர் உன்னோடு கீழே வரமாட்டார்.
போனேன்.
விட்டுவிட்டாள்.
அங்கே பச்சையாக, சத்தமில்லாமல்,
ஒரு கணம் எனக்கு வெளியே வர மனமில்லை.
பிறகு அவள் நாடியைப் பிடித்து இழுத்தேன், இருபத்தைந்து மீற்றர்.

சான்றிதழில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு,
செல்லுபடி இரண்டு வருஷம்.

முதல் செவ்வாய்.
மதிலுக்கு அப்பால் பாணந்துறை ரயில் போக
தண்ணீர் லேசாக நடுங்கிற்று.
கதிரை போட்டிருந்தார்கள். உட்காரவில்லை.
தலைகளை எண்ணினேன், பதினொன்று.
மறுபடி, பதினொன்று.
மறுபடி.
பத்து.
ஊதாத் தொப்பி இருக்கிறது, இரட்டைப் பின்னல் இருக்கிறது,
பத்து.
விசிலை ஊதினேன், எல்லாரும் கம்பியைப் பிடியுங்கள் என்றேன்,
அடியைப் பார்த்தேன், நீல ஓடு, நீல ஓடு,
வடிகால் மூடி.

உடுப்பு மாற்றும் அறையில் மர்ழியா
வாங்கில் குந்தியிருந்து மீன் ரோல்ஸ் சாப்பிடுகிறா.
"தண்ணியில பசிக்கிது புள்ள" என்றா,
பாதியைப் பிய்த்து நீட்டினா.

வாங்க நிற்கவில்லை.
வெளியே பத்துப் பேர், கம்பியைப் பிடித்தபடி.