பதினோரு கைப்பிடிகள்

டுலூத்தில் பனி உருகாத மார்ச்.
சமையலறைக்கென்று கவருக்குள் நானூறு டாலர்.
கிரானைட் வேண்டாம் என்றது கவர்;
புது அடுப்பைப் பற்றிப் பேசவே விடவில்லை.

சரி, பெயிண்ட்.
அலமாரிக் கதவுகளைக் கழற்றி
ஹாலில் சாய்த்து வைத்தாள் ஐலி.
நான்கு நாள் தட்டுகளெல்லாம்
வெட்கமில்லாமல் வெளியே தெரிந்தன.
எழுபதுகளின் பழுப்பு
இரண்டு பூச்சுக்கும் மசியவில்லை,
மூன்றாவதில்தான் விட்டுக்கொடுத்தது.

பழைய சாமான் கடையில் பித்தளைக் கைப்பிடி,
ஒவ்வொன்றும் ஒன்றரை டாலர்.
இருந்தவை பதினொன்று.
கதவுகள் பன்னிரண்டு.

"அதுக்கு?" என்றான் வெண்டல்,
ஸ்குரூவைப் பல்லில் கடித்தபடி.

கொஞ்சம் யோசித்தாள்.
மின்கட்டணச் சீட்டு, வங்கிக் கடிதம்,
பல் டாக்டரின் பில்
எல்லாவற்றையும் வாரி அதற்குள் போட்டுச்
சாத்தினாள்.

திறக்க இப்போது
வெண்ணெய்க் கத்தி வேண்டும்.
மாதக் கடைசியில் இருவரும் அதைத்
தேடுவதுபோல் தேடுகிறார்கள்.