பதினாறு எழுத்துப் பெயர்

திங்கள் காலை ஏழு மணிக்கு
சேவர் சொன்னது:
வட்டு எதுவும் இணைக்கப்படவில்லை.

பொய்யில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
அதே இரும்பு அலுமாரியின் கீழ்த்தட்டில்
இருபத்து நான்கு வட்டுகள்
சுழன்றுகொண்டுதான் இருந்தன,
நான்கு வருடத்து நெஞ்சுக்கூடுகளையும்
முறிந்த முன்கைகளையும்
ஒன்றும் சிந்தாமல் வைத்துக்கொண்டு.

இடையில் ஒரு கார்ட்.
உள்ளங்கை அகலம், வயர் செருக இரண்டு கண்.
எதையும் சேமிக்காது.
கேட்டதைக் கொண்டுபோகும், கொடுத்ததைக் கொண்டுவரும்.
ஒழுங்காக ஓடிய நாளெல்லாம்
அப்படி ஒன்று உள்ளே இருப்பதே
எனக்கு நினைவில் இல்லை.

கழற்றினேன்.
பொன் பூசிய பற்களில் மூன்றாவதும் ஏழாவதும்
பச்சை பிடித்திருந்தன.
ஏசி பழுதான நாள்முதல் ஜன்னல் திறந்தபடி.
மார்கழி வாடை உள்ளே வந்து
உப்பை வைத்துவிட்டுப் போனது;
ஆடிக் கச்சான் அதைக் காயவைத்தது.
இந்த ஊரில் ஓர் இடத்துக்குப் பெயரே உப்புவெளி,
யாரிடம் போய் முறையிடுவது?

யோகதர்ஷினியின் லாச்சியில் ஒரு அழிறப்பர் இருந்தது.
ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன்.
நாற்பது நிமிடம் விளக்கு எரிந்தது.
பிறகு இல்லை.

வாங்கில் கிண்ணியாப் பதுறுதீன்,
மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு.
போன மாதப் படத்தைப் பார்க்காமல்
கம்பியைக் கழற்ற மாட்டேன் என்கிறார் டொக்டர்.

"படம் இருக்குதா இல்லையா பிள்ள?"
"இருக்கு. பாதைதான் இல்லை."
சிரித்தார்.
"பாலம் கட்ட முந்தி எங்களுக்கும் அதே கததான்.
டவுன் கண்ணுக்கு முன்னால.
பாதை அக்கரையில நிண்டா
டவுனும் இல்ல."

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
சாரதியின் காலடியில், பிஸ்கட் பெட்டிக்குள்
வந்து இறங்கியது மாற்றுக் கார்ட்.
எந்தச் சேவரிலிருந்து பிடுங்கியது என்று
அனுப்பியவர்கள் சொல்லவில்லை.
பூட்டினேன். இரண்டு கண்ணிலும் பச்சை.
யோகதர்ஷினி கைதட்டக்கூடச் செய்தாள்.

வட்டு எதுவும் இணைக்கப்படவில்லை.

பிறகுதான் உறைத்தது.
ஒவ்வொரு கார்ட்டுக்கும் பிறந்த ஆலையில்
பதினாறு எழுத்தில் ஒரு பெயர் வைக்கிறார்கள்.
வட்டுப் பெட்டி ஆளைப் பார்ப்பதில்லை,
பட்டியலைப் பார்க்கிறது.
பட்டியலில் இருந்தது பச்சை பிடித்தவனின் பெயர்.
இவனை யாரென்று அதற்குத் தெரியாது.
அடையாள அட்டையை நீட்டி நின்ற வரிசைகள்
எனக்கும் கொஞ்சம் ஞாபகம் உண்டு.
அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

போன் வெளிச்சத்தில் வாசித்து அடித்தேன்.
மறுத்தது.
பத்தாவது எழுத்து எட்டு இல்லை, பி.
திருத்தினேன்.

முதலில் ஒரு வட்டு, பிறகு ஐந்து,
பிறகு எல்லாம், எங்கேயும் போகாதவை போல
(எங்கேயும் போகவில்லைதான்).
திரையில் மேலிருந்து கீழாக
வெள்ளை வெள்ளையாய் இறங்கியது
பதுறுதீனின் மணிக்கட்டு, இரண்டு கம்பியோடு.
"நம்மட கைதான்," என்றார்,
மோதிரம் இருந்த இடத்தைப் பார்த்து.

பழைய பெயரை நீக்கவா என்று கேட்டது பெட்டி.
ஆம் என்று அழுத்தினேன்.
வைத்திருப்பது ஒழுங்கில்லை.
கார்டை மட்டும் லாச்சியில் போட்டேன்,
அழிறப்பருக்குப் பக்கத்தில்.

ஏசிக்காரர் வியாழக்கிழமை வருவாராம்.
ஜன்னலை மூடினேன்.
புழுங்கியது.
திறந்தேன்.